உப்பில்லாத பாரிட்ஜ்

மாதாப்பூரில் மகன் வீட்டில் வாரத்துக்கு ஐந்து நாள் ஓட்ஸ். அது வேகும் வாடை வந்தாலே எனக்குக் குமட்டும். இன்றும் குமட்டியது.

சின்ன வயதில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்பா தினமும் எனக்கு ஓர் ஆங்கிலப் பத்தியும் பத்து வார்த்தைகளும் வைப்பார். எல்லாம் ஏதோ வெள்ளைக்காரக் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கை. வார்த்தையைச் செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கும் என்பது அவர் கட்சி. ஒரு நாள் பத்தியில் வந்த பையன் காலையில் பாலும் பாரிட்ஜும் சாப்பிட்டான். அம்மா ரேஷன் கோதுமையை உடைத்துப் பாலில் காய்ச்சினாள். பத்தியில் உப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அதனால் எனக்கும் இல்லை. சுவரொட்டிப் பசை மாதிரி இருந்தது. ஏழாவது கரண்டியில் ஓங்கரித்தேன்.

“கஞ்சிதானே இது? ஒரு கல் உப்புப் போட்டா இறங்கிடும்” என்றாள் அம்மா.

“கஞ்சியாம்! இது பாரிட்ஜ். உனக்கு எங்கடி தெரியப் போகுது?” என்று அப்பா சிரித்தார். அவருக்குப் பிடிக்கட்டும் என்று நானும் சிரித்தேன். அம்மா உப்பு ஜாடியை மூடினாள். அதன்பின் என் பாடத்தைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

இன்று பேத்தி போனில் அதே மாதிரி ஒரு பத்தியைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“தாத்தா, பாரிட்ஜ்னா வாட்?”

“கஞ்சி.”

“நக்கோ, அது இல்ல தாத்தா! கஞ்சி ஃபீவர் வந்தாதானே!”

அவளோடு மகனும் மருமகளும் சிரித்தார்கள். மூன்று பேர். அன்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தது இரண்டு பேர்தான். அதில் ஒருவன் நான்.