பாட்டின் சொற்களை மறைத்த மரியாதை

இந்த வாரத்துக்கென்று வேறொரு பொருளைக் குறித்து வைத்திருந்தேன். அது காத்திருக்கட்டும். ஞாயிறு மாலை எங்கள் தேவாலயத்தில் ஒரு சகானா கேட்டேன் — அதைச் சொல்லாமல் வேறெதையும் எழுத என் கை ஒப்பவில்லை.

கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனையில் சகானா இராகத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. திருவனந்தபுரத்தில் உள்ள எங்கள் தமிழ்ச் சபையில் மேனாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டும் உண்டு. கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனையும் உண்டு. முன்னதற்குக் கீபோர்டு போதும். பின்னதற்கு…? அங்கேதான் எங்களுக்கு இரண்டாண்டுகளாகச் சிக்கல்.

எங்கள் சபையில் ஞானாபரணம் என்றோர் உபதேசியார் இருக்கிறார். ஓய்வு பெற்ற சபை ஊழியர், எண்பதைக் கடந்தவர். ஊழியத்தில் இருந்த காலத்தில் அவர் இயற்றிய கீர்த்தனை ஒன்றைக் கிறிஸ்துமஸ்தோறும் பாடுகிறோம். நிறைமாத மரியாள் பெத்லகேம் தெருவில் தங்க இடமின்றி நிற்கும் காட்சி. “கதவொன்றும் திறவாதோ — நிறை கர்ப்பிணி நிற்கையிலே” என்று தொடங்கும். சகானாவில் அமைத்திருக்கிறார். எங்கள் வயலின்காரர் மகனோடு பெங்களூருக்குக் குடிபெயர்ந்த பிறகு, அதைக் கீபோர்டோடுதான் பாடிவந்தோம். கீபோர்டில் ஒவ்வொரு சுரமும் தன் கட்டையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். சகானாவின் காந்தாரமோ அசைந்தால்தான் உயிர்பெறும்.

“எம் பாட்டைக் காலைக் கட்டிப் போட்டிருக்கியடே” என்று உபதேசியார் தம் மகன் செல்வினிடம் குறைப்பட்டுக்கொள்வார். செல்வின்தான் எங்கள் பாடகர் குழுவின் தலைவன். “இடது காது போயாச்சு. வலது காதும் போறேன் போறேன்னு சொல்லுது. அதுக்குள்ள ஒரு தடவை வயலின்ல கேக்கணும்டே. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் அவர் கேட்டது. அதைச் செய்து தர எங்களால் முடியவில்லை.

இவ்வாண்டு செல்வின் ஒருவரைக் கண்டுபிடித்தான். வைதேகி. கழக்கூட்டத்தில் அவனோடு ஒரே அலுவலகத்தில் மென்பொருள் பணி, வீடு ஸ்ரீவராகத்தில். சிறு வயது முதல் வயலின் பயின்றவர். கேட்டதும் ஒப்புக்கொண்டார்.

செல்வினுக்கு மகிழ்ச்சி தாளவில்லை. கூடவே ஒரு கவலையும் வந்து ஒட்டிக்கொண்டது. அதை என்னிடம் கொண்டுவந்தான். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன், முப்பது ஆண்டுகளாகக் குழுவின் பின்வரிசையில் நின்று கீழ்க்குரலில் பாடுகிறவன் என்பதால் இத்தகைய ஐயங்கள் என்னிடம் வந்து சேரும்.

“ஐயா, அவங்க அக்ரகாரத்துல இருக்கவங்க. மரியாள், மேசியான்னு பாட்டு வரியை நீட்டினா சங்கடப்படுவாங்களோ? வீட்டுல பெரியவங்க இருக்காங்க. நாம வேற எதையோ மனசுல வச்சிட்டு கூப்பிட்ட மாதிரி ஆயிரக்கூடாது பாத்துக்கிடுங்க.”

பண்புள்ள கவலை என்றே எனக்குப் பட்டது. தலையசைத்தேன்.

அவன் செய்தது இது. சுரக்குறிப்பில் மேல்வரியில் சுரங்கள் இருக்கும். கீழ்வரியில் பாட்டின் சொற்கள் இருக்கும். கீழ்வரிதோறும் வெள்ளைத்தாள் நறுக்குகளை ஒட்டினான், ஒளிநகல் எடுத்தான். சுரம் மட்டும் பளிச்சென்று நிற்கும் அந்தத் தாளை வைதேகியிடம் கொடுத்து, “கிறிஸ்துமஸ் பாட்டு” என்று மட்டும் சொன்னான்.

ஆராதனையில் நாங்கள் அதே சொற்களை உரக்கப் பாடும்போது அவர் தம் செவிகளை என்ன செய்வார்? இந்தக் கேள்வி படித்த எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை!

சனிக்கிழமை பிற்பகல் ஒத்திகை. உபதேசியார் வலது காதை முன்னே திருப்பிக்கொண்டு முதல் பெஞ்சில் அமர்ந்திருந்தார். குழு பாடும் முன்னர் வயலின் மட்டும் ஒரு முறை பல்லவியை வாசிப்பது என்று ஏற்பாடு. வைதேகி வில்லை எடுத்தார்.

என்ன நாதம்… ஒரு சுரம் பிசகவில்லை. காந்தாரம் ஆடியது. தாளம் துள்ளியது. கல்யாண வீட்டு வாசலில் மாப்பிள்ளையை வரவேற்பது போன்ற கலகலப்பு. குழுவினர் முகமெல்லாம் மலர்ந்தது. நான் உபதேசியாரைப் பார்த்தேன்.

அவர் கைத்தடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“எப்பா, எங்க எழும்புதிய?” என்று செல்வின் ஓடினான்.

“பிள்ளை நல்லாத்தான் வாசிக்கா. ரொம்ப நல்லா வாசிக்கா. ஆனா இது எம் பாட்டு இல்லடே.” தணிந்த குரலில்தான் சொன்னார். காது மந்தமானவர்களின் தணிந்த குரல் எப்படியிருக்கும் என்று அறிவீர்கள். ஆலயம் முழுதும் கேட்டது.

வைதேகி வில்லைத் தாழ்த்தினார். சினந்துகொள்ளவில்லை. தாளை எடுத்து உற்றுப் பார்த்தார்.

“செல்வின், நான் அன்னிக்கே கேக்கணும்னு நெனச்சேன். இதுல சாகித்யம் எங்கே? அடியில எல்லாம் வெள்ளையா இருக்கே. மெஷின் கேடா?”

செல்வின் என்னைப் பார்த்தான். நான் கூரை விசிறியைப் பார்த்தேன். ஒருவழியாக அவன் உண்மையைச் சொல்லிவிட்டான்… சங்கடம், மரியாதை, வீட்டுப் பெரியவர்கள், வெள்ளைத்தாள் நறுக்கு — எல்லாவற்றையும்.

வைதேகி சிரித்தார். வெடித்துச் சிரித்தார் என்றே எழுதலாம்.

“நன்னாயிருக்கு போங்கோ. வார்த்தை தெரியாம வயலின்காரி எங்கே மூச்சு விடுவா? எங்கே வில்லை நிறுத்துவா? நாங்க பாட்டுக்குப் பின்னாடி போறவாளாக்கும், செல்வின். சுரத்தை மட்டும் தந்தா அட்ரஸ் இல்லாத பார்சல் தந்த மாதிரி.”

தாள் நறுக்கு ஒட்டாத மூலப்படியை வாங்கிப் படித்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

“இது கேள்வியா, தாத்தா?” உபதேசியாரை நோக்கித்தான் கேட்டார்.

“கேள்விதான் மக்ளே. கேட்டுட்டு நிக்கா. பதிலு வரல்ல.”

“நெறமாசக்காரி தெருவில நின்னுண்டிருக்கா. நான் என்னடான்னா நிச்சயதார்த்தத்துக்கு வாசிக்கறாப்பல வாசிச்சிருக்கேன்.”

மறுபடியும் வில்லை எடுத்தார். இம்முறை ‘திறவாதோ’ என்னும் இடத்தில் வில் நின்றது. கதவைத் தட்டியவள் காது கொடுத்து நிற்பதைப்போல நின்றது. பிறகுதான் அடுத்த அடி. அதே சுரங்கள். அதே தாளம். ஆனால் அங்கே ஒருத்தி நின்றாள். அவளுக்குக் கால் வலித்தது. எனக்குத் தெரிந்தது.

உபதேசியார் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டார்.

ஒத்திகை முடிந்த மகிழ்ச்சியில் நாங்கள் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, டெய்சி அம்மாள் என்னைத் தனியே அழைத்தார். பெண்கள் ஐக்கியத்தின் தலைவி, நல்ல மனம், அவர் கைப்பையில் எந்நேரமும் சுவிசேஷக் கைப்பிரதிகள் இருக்கும்.

“சாரே, அந்தப் பிள்ளை பாட்டு வரியைக் கேட்டு வாங்கிப் படிச்சுட்டு. கண்ணு கலங்கினதை நான் பாத்தேன். ஒரு கைப்பிரதி குடுத்தா என்ன? வந்த பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லாம விடுகதா?”

“அவங்க கேட்டது பாட்டோட வரியை. அதைக் குடுத்தாச்சு, டெய்சியம்மா. வேற எதாவது வேணும்னா கேக்கத் தெரிஞ்சவங்கதான். மறைச்சு வச்ச வரியையே கேட்டு வாங்கினாங்களே.”

“அப்போ ஒண்ணும் குடுக்கண்டாமா?”

“கேக் குடுங்க.”

அவர் முகம் சுருங்கியது. ஆயினும் கைப்பையை மூடிவிட்டார்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குள் ஒரே பரபரப்பு. அயலாரை நேசிக்க வேண்டும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த நேசத்தை நாங்கள் எப்படிக் காட்டினோம், பாருங்கள். ஒருவன் எங்கள் நம்பிக்கையை ஒட்டுத்தாளால் மூடி நீட்டினான். ஒருவர் அதைக் கைப்பையிலிருந்து உருவி நீட்டப் பார்த்தார். இரண்டும் எதிரெதிரானவைபோலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருவருமே வைதேகியைக் கேட்காமல் வைதேகிக்காக முடிவு செய்தவர்கள். நான்? முன்னவனுக்குத் தலையசைத்தவன்.

இசையைப் பகிர்வதென்றால் முழுதாகப் பகிர வேண்டும். சொல்லும் சுரமும் சேர்ந்ததுதான் பாட்டு. கேட்பவர் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்வார் என்பது அவர் உரிமை. ஒரு கிறிஸ்தவன் பிறருக்குச் செய்யும் மதிப்பு, தன் பாட்டை முணுமுணுத்துப் பாடுவதில் இல்லை. வாய்விட்டுப் பாடிவிட்டு, கேட்டவரைத் தொல்லை செய்யாமல் விடுவதில் இருக்கிறது. அப்படித்தான் நான் கருதுகிறேன்.

ஞாயிறு மாலை வந்தது. ஆலயம் நிரம்பியிருந்தது. வயலின் தனியே தொடங்கியது. ‘திறவாதோ’வில் வில் நின்ற கணத்தில், கைக்குழந்தைகள்கூட வாய் திறக்கவில்லை. பிறகு நாங்கள் முப்பது பேரும் சேர்ந்து பாடினோம். மூன்றாம் சரணத்தில் வைதேகி ஒத்திகையில் வாசிக்காத ஒரு சங்கதியை — அதே வரிக்கு ஒரு புது நெளிவை — சேர்த்தார். பாடிக்கொண்டிருந்த எனக்கே மெய் சிலிர்த்தது.

முடிந்ததும் எல்லாரும் உபதேசியாரைச் சூழ்ந்துகொண்டோம். கண்ணீரை எதிர்பார்த்தோம். அவரோ பரபரவென்று இருந்தார்.

“எடே செல்வின், மூணாம் சரணத்துல அந்தப் பிள்ளை ஒரு சங்கதி போட்டா பாத்தியா? எம் பாட்டுல அது இல்ல. இனிமே உண்டு. எழுதி வாங்குடே, எழுதி வாங்கு.”

டெய்சி அம்மாள் வைதேகியிடம் ஒரு பொட்டலம் கொடுத்தார். முட்டை சேர்க்காத கேக். தனியாகச் செய்து கொண்டுவந்திருக்கிறார். உள்ளே கைப்பிரதி இருக்கிறதா என்று நான் எட்டிப் பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன். இல்லை.

இத்துடன் முடிந்திருக்கலாம். முடியவில்லை.

வைதேகியின் மாமனாருக்கு முழங்கால் வலி, வர இயலவில்லை. வீட்டில் நடந்த பயிற்சியைச் சுவருக்கு அப்பால் இருந்து கேட்டவர், குழுவோடு சேர்த்து முழுப்பாட்டையும் கேட்க விரும்பினாராம். ஒலிப்பதிவு கிடைக்குமா என்று வைதேகி கேட்டார். எங்கள் கமிட்டியில் ஒரு விதி உண்டு: ஆராதனைப் பதிவுகள் சபை உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியே போகலாகாது. எப்போதோ ஒரு பதிவை எவரோ கேலிசெய்து பரப்பியதால் வந்த விதி. செயலாளர் தயங்கினார். அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுக்கலாம் என்றார்.

உபதேசியாருக்குக் கூட்டம்வரை பொறுமை இல்லை. தம் கைபேசியிலிருந்து தாமே ஸ்ரீவராகத்தில் வைதேகி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். அப்போது நானும் உபதேசியார் வீட்டில் இருந்தேன். அவர் ஒலிபெருக்கியை இயக்கித்தான் பேசுவார். ஆகையால் எனக்கும் கேட்டது.

“உபதேசியாரே, வெளிய அனுப்பக்கூடாதுன்னு விதி இருக்குல்லா?”

“நீயும் ஞாயித்துக்கிழமை நின்னு பாடினியே, என்ன பாடினேடே?”

உபதேசியாரே முதல் வரியை எடுத்துக் கொடுத்தார்.

“‘கதவொன்றும் திறவாதோ’ன்னுதானே பாடினே? பாடி முடிச்ச உடனே பூட்டைத் தேடுதியா?”

செயலாளர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். விதியை மாற்றக் கூட்டம் கூட்டுவதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

நேற்று ஸ்ரீவராகத்திலிருந்து மறுமொழி வந்தது. மாமனார் தம் குரலிலேயே பதிந்து அனுப்பியிருந்தார். உபதேசியார் வீட்டுக் கூடத்தில் செல்வினும், டெய்சி அம்மாளும், நானும் கூடியிருக்க, கைபேசியை நடுவில் வைத்துக் கேட்டோம்.

“நமஸ்காரம். பிரமாதம், கேட்டேளோ. சகானான்னா இதாக்கும். வார்த்தையும் கேட்டேன். அந்தப் பொண்ணு வாசல்ல நிக்கறச்சே எனக்கே எழுந்து போய்க் கதவைத் தொறக்கணும்போல இருந்தது… முட்டிதான் விடலை. பெரியவருக்கு என் நமஸ்காரம். ஒண்ணே ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்கப்படாது. பின்னாடி அடிக்குரல்ல பாடறாரே ஒருத்தர், அவர் சுருதிக்குக் கொஞ்சம் கீழேயே நின்னுண்டிருக்கார். பாவம், அவர்கிட்டே யாரும் சொல்லலை போலிருக்கு.”

செல்வின் இம்முறை தானும் கூரை விசிறியைப் பார்த்தான். டெய்சி அம்மாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். உபதேசியார் மட்டும், தமக்கு இன்னும் கேட்கும் அந்த ஒற்றைக் காதைத் தடவிக்கொண்டே, “சரியாத்தான் சொல்லுகார்” என்றார்.

முப்பது ஆண்டுகளாக என் சபையார் இதை என்னிடம் சொல்லவேயில்லை — மரியாதையாம்.