காலிச் சட்டி போட்ட சத்தம்

பஸ் டிப்போவில் டயர் கழற்றும் கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கிற கேன்டீனில் சமைக்கிறவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் சட்டியக்கா. கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டார். கரண்டியால் சட்டி விளிம்பில் ஓங்கி ஒரு தட்டு, அவ்வளவுதான். அந்த ஒரு தட்டுக்கு டிப்போ மேனேஜரே தட்டை ஏந்திக்கொண்டு பேசாமல் நகர்ந்துவிடுவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அக்காவின் வீட்டுக்காரரும் அதே டிப்போவில் டிரைவர். ஒவ்வொரு குழியையும் நலம் விசாரித்துவிட்டுப் போகிற மாதிரி ஓட்டுவதால் அவருக்கு ஆமையண்ணன் என்று பட்டப்பெயர். கைக்குழந்தைக்காரிகள் அவர் பஸ் வரட்டும் என்று நிறுத்தத்தில் காத்து நிற்பார்கள். மனுஷன் தங்கம், ஒரே ஒரு குறை: ஓட்டை வாய். காதில் விழுந்த விஷயம் கடைசி நிறுத்தம் வருவதற்குள் பஸ் முழுக்கப் பரவிவிடும்.

வருஷா வருஷம் டிப்போ ஆட்கள் எல்லாருக்கும் உடம்பைப் பரிசோதிப்பார்கள். போன தடவை வந்த டாக்டரம்மா ஆமையண்ணனின் தொப்பையையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த பரிசோதனைக்குள் எடையும் கொழுப்பும் குறையவில்லை என்றால் பஸ் சாவியைக் கொடுத்துவிட்டு டிக்கெட் கட்டு அடுக்குகிற அறையில்தான் வேலை என்று சொல்லிவிட்டார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வாழ்நாள் பூராவும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து உலகத்தைப் பார்த்த மனுஷனுக்கு அது ஜெயில்தானே? அன்றைக்கு வீட்டில் அந்த ஓட்டை வாய் மூடியே கிடந்தது. சட்டியக்கா ராத்திரி முழுக்க யோசித்தார்.

மறுநாளே கேன்டீனைத் தலைகீழாக மாற்றினார். கோழியைத் தோலோடு எண்ணெயில் முக்கிப் பொரிப்பது நின்றது. தோலை உரித்து, தயிரும் எலுமிச்சையும் இஞ்சி பூண்டும் தடவி ஊறவைத்து, மேலாக எண்ணெய் தொட்டு அடுப்புப் பெட்டிக்குள் வைத்துச் சுட்டார். வான்கோழி நெஞ்சுக்கறிதான் முதலில் ஆட்டம் காட்டியது. கொழுப்பில்லாத கறி, ரெண்டு நிமிஷம் அசந்தால் சக்கையாகிவிடும். அக்கா விடுவாரா? அதைக் கொத்தி, துருவிய கேரட்டும் வெங்காயமும் மிளகும் சேர்த்துப் பிசைந்து, தட்டையாகத் தட்டி, மூடி போட்டு வேகவைத்தார். காயின் ஈரத்தில் கறி பஞ்சு மாதிரி வந்தது. குழம்பைக் கெட்டியாக்க வேகவைத்த காலிஃபிளவரை அரைத்து ஊற்றினார். ருசி பார்த்துவிட்டுத் தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டார்.

ஆனால் சாப்பிட ஆள் வந்தால்தானே? பரிமாறுகிற ஜன்னல் வரைக்கும் வருவார்கள், ஒரு நிமிஷம் நிற்பார்கள், ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே பொரித்துப் போடுகிற எண்ணெய்க் கடைக்குப் போய்விடுவார்கள். வாயில் கூட வைக்காமல் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று அக்காவுக்கு மண்டை காய்ந்தது. ஒருநாள் எரிச்சலில், அடுப்பில் காய்ந்துகிடந்த பழைய இரும்புச் சட்டியைக் கழுவத் தண்ணீரை ஊற்றினார். அது ‘ஸ்ஸ்ஸொர்ர்’ என்று அலறியது. ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த தலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பின.

அடப்பாவிகளா, என்று அக்கா வாயில் கை வைத்தார். என்ஜினைச் சத்தத்தை வைத்தே எடைபோடுகிற கூட்டம் இது. மூடியைத் திறந்தே பார்க்காமல், எந்த வால்வு கெட்டது என்று காதால் சொல்கிற ஆட்கள். சமையலறையையும் காதால்தான் பார்த்திருக்கிறார்கள்! பொரிகிற சத்தம் இல்லை என்றால் அவர்களுக்கு அது சாப்பாடே இல்லை.

அன்றிலிருந்து ஜன்னலைத் திறக்கிற நேரத்தில் காலிச் சட்டி அடுப்பில் காயும். ஒரு கை ஈர வெங்காயச் சருகை அள்ளி வீசுவார். சட்டி போடுகிற கூப்பாட்டில் வரிசை டயர் கொட்டகை வரைக்கும் நீளும். தட்டில் விழுவது அதே சுட்ட கோழி, அதே வான்கோழித் தட்டைதான். பழைய கைப்பக்குவம் திரும்பி வந்துவிட்டது என்று ஆளாளுக்குப் பாராட்டி விரலை நக்கினார்கள். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு பரிமாறினார். வீட்டுக்காரரிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அவரிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான்.

பரிசோதனை நாள் வந்தது. கண்டக்டர்கள் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தார்கள். டயர் கொட்டகை மெக்கானிக்குக்கும் எடை நன்றாகவே இறங்கியிருந்தது. ஆமையண்ணனுக்கு மட்டும் ஏறியிருந்தது. அடுத்த பரிசோதனை வரைக்கும் பஸ் கிடையாது என்று சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவர் நேராக டிக்கெட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊருக்கெல்லாம் இறங்கியிருக்கிறது, யாருக்காக இத்தனை பாடுபட்டாரோ அவருக்கு ஏறியிருக்கிறது! அந்த நேரம் பார்த்து மெக்கானிக் நன்றி சொல்ல வந்து நின்றான்.

“என்ன மாயம் பண்றீங்கக்கா? தெனமும் ரெண்டு தட்டு சாப்பிடுறேன், எடை எறங்குது!”

“ரெண்டு தட்டா? உனக்கு ஒண்ணுதானே குடுக்கிறேன்?”

மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆமையண்ணன் தன் தட்டை அவனிடம் தள்ளிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விடுவாராம். அங்கே மடியில் ஜாம் தடவின பன்னும், பாக்கெட் பாக்கெட்டாகப் பிஸ்கட்டும்.

அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலே டிக்கெட் அறைக்குப் போனார். ஆமையண்ணன் டிக்கெட் கட்டுகளுக்கு நடுவில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் ஆக்கிப்போட்டதை ஏங்க சாப்பிடல?”

“கோவிச்சுக்காதம்மா. நீ உள்ள பொரிக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு எச்சில் ஊறும். ஆனா சாவி போயிடுமேன்னு பயம். வேணாம்னு சொன்னா உன் மனசு நோகும். அதான் லேசா இருக்கட்டும்னு பன்னு தின்னேன்.”

அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அடுப்பு முன்னால் நிறுத்தினார். காய்ந்த சட்டியில் வெங்காயச் சருகை வீசினார். சட்டி அலறியது. சட்டிக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னார். அவர் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடியும் சட்டியைப் பார்த்தார்.

“உங்களுக்காகத்தாங்க இந்தக் கூத்தே,” என்றார் அக்கா. சொல்லாமல் விட்டது தன் தப்புதானே என்று நெஞ்சு சுட்டது. ஆமையண்ணனோ தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கரண்டி மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அக்கா அவரை விட்டார்.

அதற்குப் பிறகு மத்தியானம் ஆனால் டிக்கெட் அறைக்காரர் சமையலறைக்கு வந்துவிடுவார். சருகு வீசுகிற உத்தியோகம் அவருடையது. வீசி முடித்ததும் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து, அக்கா கண்ணெதிரே வான்கோழித் தட்டையைச் சாப்பிட வேண்டும். பன் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. சட்டை தொளதொளத்தது. படியேறும்போது மூச்சு வாங்குவது நின்றது.

ஆமையண்ணன் அடுத்த பரிசோதனைக்குப் போன அன்று அக்காவுக்குச் சமையலில் மனசே ஒட்டவில்லை. உப்பைப் போட்டோமா என்று திரும்பத் திரும்ப ருசி பார்த்தார். நேரமானது. படபடப்பில் ஜன்னலைத் திறந்துவிட்டார். திறந்த பிறகுதான் உறைத்தது, சட்டியை அடுப்பில் ஏற்றவே இல்லை. வரிசை முழுக்க ஆட்கள் தட்டோடு நின்றார்கள். துளிச் சத்தம் இல்லை. போச்சு, எல்லாம் எண்ணெய்க் கடைக்குத் திரும்பப் போகிறது என்று அக்கா அவசரமாகச் சட்டியைத் தேடினார்.

அப்போது வரிசையின் முன்னாலிருந்து ஒரு குரல், “ஸ்ஸ்ஸொர்ர்” என்றது. அடுத்து மெக்கானிக், “ஸ்ஸ்ஸொர்ர்.” அப்புறம் கண்டக்டர்கள், பஸ் கழுவுகிறவர்கள், மேனேஜர் உட்பட மொத்த வரிசையும் வாயாலேயே பொரித்துத் தள்ளியது. ரகசியம் எப்போதோ பஸ் ஏறிவிட்டது, ஆனாலும் ஒருத்தரும் இடத்தை விட்டு நகரவில்லை.

முதல் குரல் யாருடையது என்று பார்க்கவே வேண்டியதில்லை. ஆமையண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், கரண்டி மேல் செய்த சத்தியத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. அக்கா கரண்டியை ஓங்கினார். அதற்குள் அவர் சட்டைப்பையிலிருந்து பஸ் சாவியை எடுத்து ஜன்னல் திட்டின் மேல் வைத்தார்.

ஓங்கின கை அப்படியே நின்றது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய கோழித்துண்டாகப் பார்த்து எடுத்தார்.

“இன்னொரு தட்டும் வை. ரெண்டும் எனக்குத்தான்,” என்றார் ஆமையண்ணன்.