டேப் சுத்தின கவர்களும் என் தம்பியும்

என் தம்பியை அவன் கம்பெனியில யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்லை. முதலாளியிலேர்ந்து லாரி டிரைவர் வரைக்கும் எல்லாருக்கும் அவன் 'முன்ஜாக்கிரதை'தான். வீடு மாத்திக் குடுக்கிற கம்பெனி அது. வீடு மாறப்போறவங்க ஃபோன் பண்ணினா முதல்ல போய்ப் பார்க்கிற ஆள் என் தம்பி. எவ்வளவு சாமான், எந்த லாரி, எத்தனை ஆளு, என்ன செலவாகும்னு சொல்றதுதான் அவன் வேலை.

"சாமான் கொஞ்சம்தான் சார்"னு சொல்லாத ஆள் இந்த உலகத்துலயே கிடையாதாம். இவன் தலையை ஆட்டிக் கேட்டுக்குவான். அப்புறம் கட்டிலுக்கு அடியில குனிவான், பரணை எட்டிப் பார்ப்பான், பால்கனிக் கதவைத் திறப்பான். அங்க இருக்கும், ஓடாத வாஷிங் மெஷினும் யாரும் ஓட்டாத உடற்பயிற்சி சைக்கிளும். கடைசியா நடு ஹால்ல நின்னு, விரலை நீட்டி ஒரு சுத்து சுத்தி எண்ணி முடிச்சிட்டு ஒரு தொகை சொல்வான். அது தப்பினதே இல்லை.

வேலையில அப்படி இருந்துட்டுப் போகட்டும். வீட்லயும் அதே கதைன்னா எப்படிங்க? காய் வாங்கப் போனாக்கூட, பை கிழிஞ்சிடுச்சுன்னா என்ன பண்றதுன்னு இன்னொரு பையைச் சுருட்டி பாக்கெட்ல வச்சுக்குவான். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பத்திக்கிட்டு வரும். எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்னு ஊருக்கே தெரியும். பஸ் ஸ்டாண்டு விசாரணை கவுண்டர்ல உட்கார்ந்து நாள் பூரா "அந்த பஸ் போயிடுச்சா?"ன்னு கேக்கறவங்களுக்கு சிரிச்ச முகமா பதில் சொல்றேன். அந்தக் கோபத்தையெல்லாம் நான் எங்கதான் கொண்டு போய்க் கொட்டறது? தம்பி எதுக்கு இருக்கான்?

இப்படிப்பட்டவன், "லீவுக்கு எல்லாரும் தீம் பார்க் போறோம்"னு சொன்னா எப்படி இருக்கும்! என் காதையே என்னால நம்ப முடியலை.

காரணம் அவன் பொண்ணு, எங்க வாலு. போன தடவை ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனப்போ அதே பார்க்குக்குத்தான் போயிருக்கா. அங்க 'மலைப்பாம்பு'ன்னு ஒரு ரயில். மேல ஏறி, வளைஞ்சு, தலைகீழாத் தொங்கி இறங்குமாம். வாலு உயரத்துக்குப் பெரியவங்க யாராவது பக்கத்துல உட்கார்ந்தாத்தான் ஏத்துவாங்களாம். டீச்சர் பயந்துக்கிட்டு மாட்டேன்னுட்டாங்க. வளர்ந்த பசங்க எல்லாம் மேல கத்திக்கிட்டுப் போக, இவ கீழ அவங்க பைகளைப் பார்த்துக்கிட்டு நின்னிருக்கா. வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. அவ அம்மாவுக்கு ஊஞ்சல்ல ஆடினாலே தலை சுத்தும். எனக்கு பிரஷர், டாக்டர் கண்டிப்பா கூடாதுன்னுட்டார். மிச்சம் இருக்கிறது ஒரே ஆள். "நான் கூட உட்கார்றேன்டா"ன்னு தம்பி வாக்குக் குடுத்துட்டான்.

குடுத்த நாள்லேர்ந்து பார்க்குக்கு ஃபோன் மேல ஃபோன். கஸ்டமர் வீட்ல பரணை எட்டிப் பார்க்கிற மாதிரியே அந்த எதிர்முனைப் பொண்ணைக் குடைஞ்சு எடுத்துட்டான்.

"மேடம், டிக்கெட் எடுத்தாச்சு, உள்ள வந்தாச்சு. அதுக்கு அப்புறம் எதுக்கெல்லாம் காசு கேப்பீங்க?"

"அவ்வளவுதான் சார், வேற ஒண்ணும் இல்லை."

"பையை எங்க வைக்கிறது?"

"லாக்கர் இருக்கு சார். அதுக்குத் தனி."

"நடுவுல திறந்து தண்ணி எடுத்தா?"

"...மறுபடியும் கட்டணும் சார்."

"சறுக்குல எந்தத் துணியோட வேணா போகலாமா?"

"இல்லை சார், நைலான் டிரஸ். வாடகைக்குக் கிடைக்கும்."

"காலுக்கு?"

"சாக்ஸ் கட்டாயம் சார்."

இப்படியே வண்டி நிறுத்தறது, வெளிச் சாப்பாடு விடமாட்டாங்கங்கறது, தங்கற ரூம்ல கூடுதல் மெத்தைக்குத் தனிக் காசுங்கறது எல்லாத்தையும் நோண்டி வெளியில எடுத்துட்டான். சாக்ஸைப் பத்தி மட்டும் மூணு நாலு தடவை கேட்டிருப்பான்.

அப்புறம் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு பழுப்பு கவர். மேல பட்டை பேனாவுல 'லாக்கர்', 'தண்ணி', 'மதியச் சாப்பாடு', 'திரும்பற பஸ்'. சரி, கவரோட விட்டானா? கம்பெனிப் பழக்கம், ஒவ்வொண்ணையும் பார்சல் கட்டற பிரவுன் டேப்பால குறுக்கும் நெடுக்கும் சுத்தி வச்சிருக்கான். கத்தி இல்லாம அதைப் பிரிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

"ஏன்டா, பணத்தை அனுப்பப் போறியா, செலவு பண்ணப் போறியா?"

"பிரிக்கக் கஷ்டமா இருந்தாத்தான் அக்கா, ஒண்ணுல இருக்கிறதை எடுத்து இன்னொண்ணுக்குச் செலவு பண்ண மாட்டோம்."

அந்தக் கட்டுல ஒரு கவர் மட்டும் தலையணை கணக்கா உப்பியிருந்துச்சு. எழுத்துத் தெரியாம குப்புற வச்சிருந்தான். என்னடா இதுன்னேன். "அது... ஒரு அவசரத்துக்கு"ன்னு இழுத்தான். அவன் பொண்டாட்டி வாயைப் பொத்திக்கிட்டு சமையலறைக்குள்ள போயிட்டா.

டிக்கெட் எடுத்த அன்னைக்கும் நான் அங்கதான் இருந்தேன். முன்னாடியே எடுத்தா விலை பாதியாம். நடு ஹால்ல நின்னு, விரலை நீட்டி ஒரு சுத்து சுத்தினான். சோபாவுல நான், கதவோரமா அவன் பொண்டாட்டி, தரையில படுத்துக்கிட்டு வாலு. எண்ணி முடிச்சு ஃபோன்ல பட்டனை அமுக்கினான். நாங்க யாரும் ஒண்ணும் யோசிக்கலை. எண்ணறதுல அவனைச் சந்தேகப்படறவங்க உண்டா?

முதல் நாளே பஸ் பிடிச்சுப் போய், பார்க் பக்கத்துல ஒரு ரூம்ல தங்கிட்டு, காலையில எல்லாருக்கும் முன்னாடி வாசல்ல போய் நின்னோம். வாலு ரெண்டு காலையும் ஒரு இடத்துல வைக்கலை. மதில் சுவருக்கு மேல மலைப்பாம்போட முதுகு தெரியுது.

முதல்ல பை சோதனை. தம்பி சட்டைப் பையில எப்பவும் ஒரு சின்ன டேப் கட்டர் இருக்கும். செக்யூரிட்டி அதை எடுத்துக்கிட்டார். "போகும்போது வாங்கிக்கங்க."

"சார், அது இல்லாம கவரைப் பிரிக்க முடியாதே!"

"என்ன கவர்?"

தம்பி காட்டினான். செக்யூரிட்டி ஒண்ணைப் பிரிச்சுப் பார்த்தார், முடியலை. கையை உதறிக்கிட்டுப் பரிதாபமா எங்களைப் பார்த்தார்.

அடுத்தது டிக்கெட் கேட்டு. நான் போனேன், பீப். தம்பி பொண்டாட்டி போனா, பீப். வாலு குதிச்சுக்கிட்டே போனா, பீப். தம்பி ஃபோனை நீட்டினான். சத்தமே இல்லை. திரும்ப நீட்டினான். கேட்டுல நின்ன பையன் ஃபோனை வாங்கிப் பார்த்துட்டு, "மூணு டிக்கெட்தான் சார் இருக்கு"ன்னான்.

தம்பி விரலை நீட்டி எண்ணினான். நான், அவன் பொண்டாட்டி, வாலு. மூணு. மறுபடியும் எண்ணினான். மூணு. நீட்டின விரல் அப்படியே நின்னுடுச்சு. எந்த வீட்டுக்குப் போனாலும் நடு ஹால்ல நிக்கிற தன்னை எண்ணாம விடறது அவன் பழக்கம். அவன் லாரியில ஏறப்போற சாமான் இல்லையே! இத்தனை வருஷமா விரல் அப்படியே பழகிப் போச்சு.

"அடப்பாவி! உன்னை விட்டுட்டியேடா!"

கவுண்டர் மேல இருந்த விலைப் பலகையைப் போய்ப் பார்த்தான். அன்னைக்கு விலை ரெண்டு மடங்கு. திரும்பி வந்தான், முகத்துல அசடு வழியுது. ஆனா அதுக்குள்ள அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சுட்டான். "ஒண்ணும் பிரச்சினை இல்லை. நீங்க போங்க. நான் வெளியில நிழல்ல உட்கார்ந்து பையைப் பார்த்துக்கறேன். லாக்கர் காசும் மிச்சம்."

எனக்கு எங்கேர்ந்துதான் வந்துச்சோ அப்படி ஒரு கோபம்! சின்ன வயசுல நாங்க வாடகை வீடு மாத்தி மாத்திப் போவோம். வேன்ல இடம் பத்தலைன்னா, "நீங்க போங்க, நான் சைக்கிள்ல வரேன்"னு முதல்ல இறங்கறது இவன்தான். எங்க குடும்ப ஃபோட்டோ எதுலயும் இவன் இருக்க மாட்டான், ஏன்னா கேமரா இவன் கையில இருக்கும். இத்தனை வருஷமா அதைப் பார்த்துப் பார்த்து என் வயிறு எரிஞ்சிருக்கு.

கேட்டுப் பையன்கிட்ட சொல்லிட்டு வெளியில வந்து, "பல்லைத் தட்டிடுவேன்"னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள வாலு கம்பிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பேசினா. கத்தலை, அழலை. "அப்பா, பையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீ நிக்க வேணாம். வா, எல்லாரும் வீட்டுக்கே போயிடலாம்."

தம்பிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கும்தான், சொல்றதுக்கு என்ன வெக்கம்? ஆசைப்பட்டு வந்த குழந்தை, மலைப்பாம்பு முதுகு கண்ணு முன்னாடி தெரியுது, வீட்டுக்குப் போகலாங்கறா.

"கவரைக் குடுடா"ன்னேன்.

"எல்லாம் ஒவ்வொரு செலவுக்கு இருக்கு அக்கா. சாப்பாட்டை எடுத்தா பட்டினி, பஸ்ஸை எடுத்தா ஊர் போய்ச் சேர முடியாது."

அப்பத்தான் அவன் பொண்டாட்டி மெதுவா, "அண்ணி, அந்தக் குண்டுக் கவர்"னா.

"அது வேணாம்!" தம்பி பையை மார்போட அணைச்சுக்கிட்டான். விடுவேனா? பிடுங்கி, உள்ள கையை விட்டு வெளியில எடுத்தேன். திருப்பினேன். பட்டை எழுத்துல 'அக்கா கோபம்'னு எழுதியிருக்கு.

வரிசையில பின்னாடி நின்னவங்க வேற படிச்சிட்டாங்க.

"என்னடா இது?"

"இல்லைக்கா... வெயிலு, வரிசை, விலை, மூணும் சேர்ந்தா உனக்குக் கோபம் வரும். வந்தா ஐஸ்கிரீம், ஜூஸ், ஏசி ரூம்ல கொஞ்ச நேரம் உட்கார..."

"அதுக்கு இவ்வளவு கனமா?"

"போன வருஷம் ஹோட்டல்ல மேஜையைத் தட்டிக் கண்ணாடியை உடைச்சே இல்ல? அந்த மாதிரி ஏதாவது ஆச்சுன்னா..."

அந்த இடத்துல நான் கத்தியிருக்கணும். வரலைங்க, சிரிப்புதான் வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே டேப்பைப் பிரிக்கப் பார்த்தேன். நகம் உடைஞ்சதுதான் மிச்சம். பல்லால கடிச்சேன். தம்பி ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, செக்யூரிட்டி பொறுக்க முடியாம வந்து நடுவுல பிடிச்சுக்கிட்டார்.

"கத்திரிக்கோல் இருந்தா குடுங்கம்மா"ன்னு தம்பி கவுண்டரைப் பார்த்துக் கேட்டான். உள்ள இருந்த பொண்ணு அவன் குரலைக் கேட்டு நிமிர்ந்தா. "சார்... நீங்க சாக்ஸ் சார்தானே?"

ஃபோன்ல மாட்டின அதே பொண்ணு! கத்திரிக்கோலை நீட்டிக்கிட்டே கேட்டா, "அத்தனை கேள்வி கேட்டீங்களே சார், உங்களுக்கு டிக்கெட் எடுக்கலையா?"

கையோட லாக்கர் கவரையும் வெட்டிட்டு, குண்டுக் கவரை அவகிட்டயே நீட்டினேன். ஒரு டிக்கெட் வாங்கினதுல கவர் காலி. என் ஒருத்தி கோபத்துக்கு அவன் எவ்வளவு ஒதுக்கியிருக்கான், பார்த்தீங்களா!

உள்ள போனதும் வாலு வேற எதையும் திரும்பிப் பார்க்கலை, நேரா மலைப்பாம்புதான். வழியில லாக்கர்காரன் என்கிட்ட, "சீக்கிரம் வைங்கம்மா, பின்னாடி ஆள் நிக்கறாங்க"ன்னு எரிஞ்சு விழுந்தான். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. கவர் காலிங்கறது ஞாபகம் வந்துச்சு. "சரிப்பா"ன்னேன். தம்பி பொண்டாட்டி என் நெத்தியைத் தொட்டுப் பார்த்தா, காய்ச்சலான்னு.

மத்த பையெல்லாம் லாக்கர்ல போயிடுச்சு. கவர் இருக்கிற பையை மட்டும் தம்பி தோள்லேர்ந்து கழட்டலை. ரயில்ல உட்கார்ந்த அப்புறம்கூட மாட்டியிருந்தான். ஆபரேட்டர் கழட்டச் சொல்லி வாங்கி, தன் காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டார். வாலு அவன் கையைப் பிடிச்சிருந்தா. ரயில் கிளம்பி, மேல ஏறி, உச்சியில ஒரு நொடி நின்னுச்சு. அப்புறம் விழுந்துச்சு.

ஒரு அலறல் கேட்டுச்சு பாருங்க! என் தம்பி சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பிறந்தப்போகூட மெதுவாத்தான் அழுதானாம், அம்மா சொல்வாங்க. அத்தனை பேர் கத்தற கூட்டத்துல அவன் குரல் மட்டும் தனியாக் கேக்குது. தலைகீழாத் தொங்கினப்போ "அக்கா!"ன்னு கத்தினான். கீழ நின்னு, "என்னடா!"ன்னு நானும் கத்தினேன். பக்கத்துல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க, பார்த்துட்டுப் போகட்டும்.

இறங்கி வந்தப்போ தலைமுடி நட்டுக்கிட்டு நிக்குது, தொண்டை கட்டிப் போச்சு, கண்ணு ரெண்டும் மின்னுது. வாலு சிரிச்சுச் சிரிச்சுப் படியிலயே உட்கார்ந்துட்டா. தம்பி நேரா ஆபரேட்டர்கிட்ட போய், வராத குரலை வரவழைச்சு, "தம்பி, இன்னொரு தடவை ஏறணும்னா எவ்வளவு ஆகும்?"னு கேட்டான்.

"காசு எதுக்கு சார்? உள்ள வந்துட்டா எத்தனை தடவை வேணா ஏறலாம்."

தம்பி அப்படியே நின்னான். அத்தனை ஃபோன்ல அவன் கேக்காம விட்ட ஒரே கேள்வி அது. திரும்பி என்னைப் பார்த்தான். "அக்கா, காசே இல்லையாம் அக்கா!"

வாலு எழுந்து ஓடி வந்து அவன் கையைப் பிடிச்சா. வரிசை நீளமாகிட்டே இருந்துச்சு. ரெண்டு அடி வச்சவன் திரும்பி வந்தான். தோள்ல மறுபடியும் மாட்டியிருந்த பையைக் கழட்டினான்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பார்த்துக்கறியா? நான் போயிட்டு வரேன்."

"குடுடா"ன்னு வாங்கிக்கிட்டேன்.