எட்டிக் கஷாயம்

நாகலாபுரத்தில் அம்சவேணியின் வாய்க்கு ஒரு பெயர் உண்டு. அவள் கொல்லையில் நின்று குரல் கொடுத்தால் ஏரிக்கரையில் மேயும் மாடு தலையைத் தூக்கும் என்பார்கள். ஊர் ஆந்திராவுக்கா மதராசுக்கா என்ற எல்லைத் தகராறு சூடாக இருந்த வருஷத்தில், ஒரே பகலில் அந்த வாய் அடங்கிப்போயிற்று.

மலையில் எட்டிக்கொட்டை பொறுக்கி மண்டிக்குப் போடுவது அவள் பிழைப்பு. அது நஞ்சு என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தன் முழங்கால் வலிக்கு ஒத்தடம் கொடுக்கத்தான் கொஞ்சம் இடித்துக் கொதிக்கவைத்தாள். பக்கத்திலேயே புருஷன் செங்கல்வராயனின் காய்ச்சலுக்கு நிலவேம்புக் கஷாயம். அந்த நேரம் பார்த்து மாடு அவிழ்த்துக்கொண்டது. பிடித்துக் கட்டிவிட்டு வந்தால், அவன் தம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தான்.

"ரெண்டு மடக்கு குடிச்சேன்மே. இன்னிக்கு கசப்பு ஜாஸ்தி."

நிலவேம்புச் சட்டி அப்படியே நிறைந்திருந்தது. எட்டிச் சட்டிதான் குறைந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவன் தாடை இறுகியது, முதுகு வில்லாக வளைந்தது. அவள் அலறினாள். அலறலுக்கே உடம்பு மறுபடி விறைத்தது. பதறிப்போய்ப் பிடித்தாள், அதற்கும் விறைத்தது. நினைவு மட்டும் தப்பவில்லை. அவன் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஓடிவந்த கம்பவுண்டர் கிருஷ்ணப்பா தூக்கத்துக்கு ஓர் ஊசி போட்டுவிட்டு, அவளை வாசலுக்கு அழைத்துக் கிசுகிசுத்தார். "தொடாதேம்மா. பேசாதே. சத்தம் கேட்டா மறுபடி இழுக்கும், மூச்சு நின்னுடும். திருப்பதி பெத்தாஸ்பத்திரிக்கு வண்டில ஏத்தினா குலுக்கல்லயே போய்டுவாரு. பொழுது சாயற வரைக்கும் தாங்கினா பொழைச்சிக்குவாரு."

அம்சவேணி ஜன்னலை அடைத்தாள். சேவலைத் தூக்கிப்போய் அடுத்த தெருவில் விட்டாள். திரும்பும்போதுதான் மேளம் கேட்டது. ஊரை மதராசோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம், அவள் தெருவுக்கே வந்துகொண்டிருந்தது.

ஒரு கூச்சல் போட்டால் ஊர்வலம் நின்றுவிடும். ஆனால் அந்தக் கூச்சல் வீட்டுக்கும் கேட்குமே. ஊரையே கலக்கிய வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு ஓடினாள். ஓடி, மேளத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

முன்னால் கொடி பிடித்து வந்த ரங்கன் முறைத்தான். "இன்னாமே, தமிழுக்கு எதிரா நிக்கிறியா?"

"எந்த ராஜ்யத்துல வேணா சேருங்கண்ணா," என்றாள், காற்றாக. "எட்டிக் கஷாயத்த குடிச்சிட்டு கெடக்கறாரு. சத்தம் கேட்டா செத்துடுவாரு. அவர எனக்கு உட்டுடுங்க."

ரங்கன் கொடியை இறக்கினான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டம் அந்த வீட்டைத் தாண்டிப் போனது.

பொழுது சாய்ந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. "வேணி, ஏன்மே பேசமாட்டன்ற?" அவள் வாயைத் திறந்தாள். பயத்தில் குரலே எழும்பவில்லை.

அன்றிலிருந்து புருஷனைக் கூப்பிட வேண்டுமென்றால் பக்கத்தில் போய் நின்றுதான் கூப்பிடுவாள். ஊர் சிரித்தது.

சில வருஷம் கழித்து எல்லை முடிவாகி, தண்டோரா போட்டார்கள். செங்கல்வராயன் சோறு தின்றுகொண்டிருந்தான். முதல் அடி விழுந்ததுமே அம்சவேணி அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்து அவன் காது இரண்டையும் பொத்தினாள்.

"எனக்கு ஒண்ணும் ஆவாதுமே," என்றான்.

அவள் கையை எடுக்கவில்லை. தண்டோரா தெருவைத் தாண்டிப் போகும்வரை, அது சொன்னதைக் கேளாமல், அவன் முகத்தையே பார்த்தபடி நின்றாள். ஊர் ஆந்திராவிலேயே இருக்கிறது என்பது அவர்கள் இருவருக்கும் மறுநாள்தான் தெரிந்தது.