பாட்டு நிக்கலையே, அண்ணாச்சி

பேய், ஆவி என்று எவனாவது வாயைத் திறந்தால் முதல் ஆளாகச் சிரிக்கிறவன் நான். என் தொழில் அப்படி. புழுங்குகிற அறையில் நின்று பாடியவனைக் கோயில் மண்டபத்தில் பாடியவனாக மாற்றுவேன், ஒற்றை ஆள் கைதட்டலைக் கோயில் கொடை விழாக் கூட்டமாக ஆக்குவேன். சத்தத்தை வைத்து ஊரை ஏமாற்றுகிறவனைச் சத்தம் ஏமாற்றிவிடுமா என்ற திமிர் எனக்கு உண்டு. இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீங்களும் சிரிக்கலாம். எனக்குக் கோபம் வராது, வந்தாலும் காட்டிக்கொள்ள மாட்டேன்.

மாப்பிள்ளையூரணியில் எங்கள் மளிகைக் கடைக்கு மேலே மாடியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கீழே தம்பி பருப்பு நிறுக்கிறான், மேலே நான் கொடைப் பாட்டு, கல்யாணப் பாட்டு, கட்சிப் பாட்டு என்று வருவதையெல்லாம் மிக்ஸ் பண்ணிக்கொண்டிருக்கிறேன். அங்கேதான் செல்வம் பாட வந்தான். துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் அவனுக்கு வேலை. காலிப் பெட்டிகளில் சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அதற்கு ஒருவன் உள்ளே போவான், வெளியே நிற்பவன் கதவைச் சாத்தித் தாழ் போடுவான், உள்ளே அந்தக் கும்மிருட்டில் ஊசிமுனை அளவு வெயில் தெரிந்தாலும் பெட்டி ஒழுகும் என்று அர்த்தம். உள்ளேயிருந்து கதவைத் திறக்க முடியாது. யார்டில் எந்நேரமும் இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம் என்பதால், தட்டினாலும் எவன் எங்கே தட்டுகிறான் என்று தெரியாது.

அதனால் செல்வமும் அவன் கூட்டாளி இசக்கியும் தங்களுக்குள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். செல்வம் உள்ளே பாடிக்கொண்டே பார்ப்பான், இசக்கி வெளியே கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பான். பாட்டு நின்றால் கதவைத் திறக்க வேண்டும், நிற்காதவரை திறக்கக் கூடாது. அவ்வளவுதான்.

செல்வம் தன் பெண்டாட்டி பார்வதிக்காக அவனே ஒரு பாட்டுக் கட்டியிருந்தான். 'உப்புக்காத்து வீசுது புள்ள, ஒருவாய் சோறு தின்னியா' என்று ஆரம்பிக்கும். குரல் நன்றாகப் பதிவாகிவிட்டது, மிச்சம் இருந்தது ரிவெர்ப் மட்டும்தான். அதாவது, வெறும் குரலுக்குப் பின்னால் ஒரு எதிரொலி சேர்க்க வேண்டும், அப்போதுதான் காதுக்கு இதமாக இருக்கும். அதற்குக் கம்ப்யூட்டரில் பிளகின் என்று ஒன்றல்ல, ஏகப்பட்டது வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். பயல் எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கினான்.

"இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா என் பெட்டிக்குள்ள பாடுத மாதிரி இல்லையே."

"ஏலே, தகரப்பெட்டிச் சத்தம் வேணும்னா எதுக்குலே ஸ்டூடியோவுக்கு வார?"

சிரித்தான். அப்புறம் நான்தான் மனசு கேளாமல் சொன்னேன், ஒரு இடத்தில் பலூனை உடைத்து அந்த எதிரொலியைப் பதிவு செய்து பிளகினில் ஏற்றிவிட்டால், எந்தக் குரலையும் அந்த இடத்தில் பாடியதாக ஆக்கிவிடலாம் என்று. அவனுக்குக் கண் விரிந்துவிட்டது. "பலூன் உடைச்சா போதுமா? நானே வாங்கிட்டு வாரேன்" என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போகலாம் என்று பேசி வைத்தோம். அந்த ஞாயிறு வருவதற்குள் அவன் போய்விட்டான்.

பெட்டிக்குள்ளேதான் போனான். இசக்கி கதவைத் திறந்தபோது கதவோரமாகவே விழுந்து கிடந்தானாம். மாரடைப்பு என்றார்கள், வெயில் என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுத பார்வதிதான் அதைப் பார்த்தாள். வலது கை வீங்கி, முட்டியெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது.

"தட்டிருக்காரு! என் புருசன் உள்ள கெடந்து கதவத் தட்டிருக்காரு! நீ எங்கலே போயித் தொலைஞ்ச?" என்று இசக்கியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் ஒன்றுதான் சொன்னான். "பாட்டு நிக்கலையே, மதினி. பாடிக்கிட்டேதான இருந்தாரு." அழுதுகொண்டே அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. ஃபோனில் எவளிடமோ பேசிக்கொண்டிருந்திருப்பான், இப்போது செத்தவன் மேலேயே பழியைப் போடுகிறான் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாடைக்குத் தோள் கொடுக்க வந்தவனைப் பார்வதி வீட்டு ஆட்கள் தள்ளிவிட்டார்கள், அவன் தெருமுனையில் நின்றபடியே ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, ஆள் பாதியாகிவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

முதல் வருஷ நினைவு நாள் நெருங்கும்போது பார்வதி ஸ்டூடியோவுக்கு வந்தாள். அன்றைக்கு வீட்டில் அந்தப் பாட்டைப் போட வேண்டும் என்றாள். நான் இருக்கிறதிலேயே நல்ல ரிவெர்பாகப் பார்த்துப் போட்டேன்.

"இது கல்யாண மண்டபத்துல பாடுத மாதிரி இருக்கு, அண்ணாச்சி."

மாற்றினேன்.

"இது அவரு சாமியாராப் போன மாதிரி இருக்கு."

இன்னொன்று. "இது யாரோ." அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு என் காதின் மேல் இருந்த கர்வமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இறங்கிவிட்டது. பிறகு அவளே சொன்னாள். தினமும் மத்தியானம் செல்வம் ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பெட்டிக்குள்ளே நின்றபடியே ஃபோன் பண்ணுவானாம். சாப்பிட்டியா என்று கேட்க மாட்டானாம், பாட்டாகவே பாடிக் கேட்பானாம். அவள் காதில் இருந்த செல்வம் அந்தச் செல்வம். அதை எந்தப் பிளகினில் போய்த் தேடுவேன்?

பார்வதியிடம் சொல்லாமல் இசக்கியைத் தேடிப் போனேன். யார்டுக்குள் என்னைக் கூட்டிப்போக வேறு ஆள் இல்லை. மெஷின் எதுவும் ஓடாத ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுது, காகம் சிறகடித்தால்கூடக் கேட்கிற அமைதி. செல்வம் செத்த பெட்டி எப்போதோ கப்பலேறி எந்த நாட்டுக்கோ போய்விட்டிருந்தது. அதே அளவில் வேறொன்றைக் காட்டினான். நான் பலூன்களோடும் ரெக்கார்டரோடும் உள்ளே போனேன். "முடிஞ்சதும் தட்டுதேன், உடனே திறந்திரு" என்றேன். "சரி அண்ணாச்சி" என்று கதவைச் சாத்தினான்.

உள்ளே இருட்டும் வெக்கையும் பழைய மிளகாய் வாடையும். ஒவ்வொரு பலூனாக உடைத்தேன், எதிரொலி அருமையாக வந்தது. வேலை முடிந்து தட்டினேன். கதவு திறக்கவில்லை. பலமாகத் தட்டினேன். "ஏலே இசக்கி, திறலே!" என்று கத்தினேன். ஒன்றுமில்லை. வியர்வை கண்ணில் வழிகிறது, மூச்சு முட்டுகிறது, ஃபோனில் சிக்னல் இல்லை, கை வலிக்க வலிக்கக் கதவைக் குத்துகிறேன். ஓடிவிட்டானோ என்று நினைத்துக் காதைக் கதவில் வைத்தால், நம்பினால் நம்புங்கள், அந்தப் பக்கம் அவன் விரலால் மெதுவாகத் தாளம் போடுகிற சத்தம் கேட்கிறது. இவன் வேண்டுமென்றே செய்கிறான், என்னையும் கொல்லப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். என் பிள்ளைகள் முகம் கண்ணுக்கு முன்னால் வந்துபோனது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவு திறந்தது. வெளியே விழுந்தடித்து வந்து, வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி அவனை அறைய ஓங்கினேன். அவன் அசையாமல் நின்றான். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறது.

"அவன் பாட்ட எதுல அண்ணாச்சி போட்டீய? அப்படியே அவனே பாடுத மாதிரி இருந்துச்சு."

"நான் எங்கலே போட்டேன்? உசிரு போகுதுன்னு தட்டுதேன், கத்துதேன், உனக்குக் காது அடைச்சுப் போச்சா?"

அவன் என் வீங்கின கையைப் பார்த்தான். முகம் செத்துப்போனது.

"பாட்டு நிக்கலையே, அண்ணாச்சி. நின்னதும் திறந்துட்டேனே."

என் ஓங்கின கை தானாகக் கீழே இறங்கியது. என்னிடம் ஸ்பீக்கரே கிடையாது. ஃபோனில் அந்தப் பாட்டும் கிடையாது. ரெண்டு பேரும் பக்கத்துப் பெட்டி நிழலில் உட்கார்ந்தோம். ஒரு வருஷமாக ஒருத்தரும் நம்பாத ஒன்றை நான் நம்புகிறேன் என்று தெரிந்ததும் அவன் ஓவென்று அழுதான். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன.

ரெக்கார்டரில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். பாட்டு இல்லை. பலூன் சத்தம் இருந்தது, நான் குத்தியது, கத்தியது எல்லாம் காது கிழிகிற மாதிரி இருந்தது, கடைசியில் இசக்கியின் விரல் தாளமும் லேசாக இருந்தது. அந்தத் தாளத்தை மட்டும் வெட்டி எடுத்துச் செல்வம் பாட்டுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. என் அறையில் பாடியபோது செல்வம் எங்கெல்லாம் மூச்சு வாங்கினானோ, அங்கெல்லாம் விரலும் நின்றது. இசக்கி அதுவரை அந்தப் பதிவைக் கேட்டதே இல்லை.

பெட்டியின் எதிரொலியைப் பிளகினில் ஏற்றி, பார்வதிக்குப் போட்டுக் காட்டினேன். முதல் வரியிலேயே ஸ்பீக்கரைத் தொட்டுப் பார்த்தாள். "இவருதான்" என்றாள். பாட்டு முடிந்ததும் நடந்ததையெல்லாம் சொல்லி, நான் குத்திக் கத்திய பதிவையும் போட்டேன்.

"இம்புட்டுச் சத்தமும் அவனுக்குக் கேக்கலையா?"

"கேக்கலம்மா. பாட்டுதான் கேட்டிருக்கு. அவன் பொய் சொல்லல."

அன்றைக்கு இசக்கியின் சட்டையைப் பிடித்த தன் கையைப் பார்த்தாள். "அவனை வரச் சொல்லுங்க" என்றாள்.

நினைவு நாளன்று இசக்கி வந்தான். வாசலிலேயே தயங்கி நின்றவனை உள்ளே கூப்பிட்டு, இலை போட்டுத் தன் கையாலேயே சோறு வைத்தாள். "தின்னு தம்பி" என்றாள். ஸ்பீக்கரில் செல்வம் 'ஒருவாய் சோறு தின்னியா' என்று கேட்டுக்கொண்டிருக்க, அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதான், ஆனால் தின்றான். போதும், செல்வம் இதற்குத்தான் பாடியிருக்கிறான், கூட்டாளியைக் காப்பாற்ற வந்திருக்கிறான் என்று எனக்கும் மனசு நிறைந்துபோனது.

கிளம்பும்போது பார்வதி வாசல்வரை வந்தாள். இசக்கி காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க உள்ள கெடந்து தட்டும்போது பாடுனது இவரு. சரி. இவரு உள்ள உசிரோட கெடந்து தட்டும்போது, இவரு குரல்ல பாடுனது யாரு?"

நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றுவரை அவள் முகத்துக்கு நேராகப் போய் நின்றதில்லை.

இப்போது ஸ்டூடியோவில் யார் பாடினாலும் நான் கதவைச் சாத்த விடுவதில்லை. ஆட்டோ ஹாரன் பதிவாகிறது, கீழே தம்பி கடையில் பேரம் பேசுவதெல்லாம் பதிவாகிறது. பாடுகிறவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.