சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன்

பர்மாவில் கட்டாய ராணுவச் சேவைக்கு ஆள் பிடிக்கத் தொடங்கியபின் தாமுவே பகுதியிலிருந்த என் வீட்டைவிட்டு நான் இறங்கவேயில்லை. மின்சாரமும் இணையமும் இல்லாத பகல்களில் பேட்டரி ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்பேன். பந்து எல்லைக்கோட்டுக்கு ஓடும்போது, நானும் புல்வெளியில் ஓடுவதுபோல் இருக்கும்.

ஒரு மதியம் சிக்ஸர் என்றதும் என்னை மறந்து கத்திவிட்டேன். உடனே பக்கத்து வீட்டிலிருந்து யாரோ சுவரைத் தட்டினார்கள். பயந்துபோய் ரேடியோவை அணைத்தேன்.

"ஏன் நிப்பாட்டிட்டீங்க, அண்ணே? ஸ்கோர் என்னா?" பர்மிய வாடையடிக்கும் இளைஞனின் தமிழ்.

காலி வீடு என்றல்லவா நினைத்திருந்தேன்!

"நீயும் உள்ளேதான் இருக்கியா?"

"வெளிய போவ முடியுமா, அண்ணே?"

ரேடியோவைச் சுவரோடு ஒட்டி வைத்தேன். கடைசிப் பந்தில் எங்கள் அணி தோற்றது. வாய்விட்டுத் திட்டக்கூட முடியாமல் இருவரும் அவரவர் அறையில் உட்கார்ந்திருந்தோம்.