மூன்றாவது வரிசை, நீல ஷட்டர்

கிரேஸின் கடைப் படத்தை அனுமதித்தது நான்தான். அதில் ஒரு தவறும் தெரியவில்லை. விதிப்படி பார்த்தால் இன்றைக்கும் தவறில்லை.

1. வேலை

ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்டாகவும் பிறகு கிளார்க்காகவும் இருந்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். கொடைக்கானலில் ஒரு பேக்கரி மாடியில் ஆபீஸ். எட்டுக் கம்ப்யூட்டர், எட்டுப் பேர். மழை பலமாகப் பிடித்தால் நெட் போய்விடும். வேலையின் பெயர் கன்டென்ட் மாடரேஷன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. அந்த நாட்டு மக்கள் கூடி ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும் ஓர் இணையக் குழுமம். அங்கே போடும் பதிவுகளில் சந்தேகமானவை எங்கள் க்யூவுக்கு வரும். படங்கள் எல்லாமே வரும். படித்துப் பார்த்து அனுமதிக்க வேண்டும், அல்லது நீக்க வேண்டும். நாட்டின் பெயரையும் குழுமத்தின் பெயரையும் வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் இங்கே வரும் கிரேஸ், ஹெட்மாஸ்டர் இரண்டும் நான் வைத்த பெயர்கள்.

முதல் நாள் எங்கள் டீம் லீடர் சரவணன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். வத்தலக்குண்டுக்காரர், முப்பது வயது இருக்கும்.

"எக்கா, இந்த லிஸ்ட்டுல இருக்கறது பூரா ஒரு இனத்துக்காரவங்க இன்னொரு இனத்துக்காரவங்கள வையுற வார்த்தை. இது வந்தா டெலிட். மிரட்டல் வந்தா டெலிட். மத்தபடி அரசியல் பேசுனா விட்ருங்க. வெரசா பாக்கணும், ஆனா தப்பா டெலிட் பண்ணிறக்கூடாது. ஸ்கோர் கொறஞ்சிரும்."

ஒரு வாரத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. ரோட்டில் பள்ளம் என்று ஒருவர் எழுதுவார். மந்திரி எந்த இனம் என்று அடுத்தவர் கேட்பார். கிரிக்கெட்டுக்குப் பதில் கால்பந்து, மற்றபடி எல்லாம் இங்கே போலத்தான். கோல் அடித்தவன் எந்த இனம் என்றும் கேட்பார்கள்.

"எப்படிக்கா இவிங்க எதுக்கெடுத்தாலும் எந்த ஆளுன்னே பாக்குறாய்ங்க?" என்று சரவணன் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

2. காலை வணக்கம்

எனக்குப் பிடித்தது 'காலை வணக்கம்' என்ற த்ரெட், ஒரே தலைப்பின் கீழ் தொடர்ந்து போகும் பேச்சு. அரசியலே இருக்காது. எங்கள் ஷிப்ட் தொடங்கி ஒரு மணி நேரத்தில் அங்கே விடியும். ஒவ்வொருவராக வந்து மழையா வெயிலா, கரன்ட் இருக்கிறதா, என்ன சாப்பாடு என்று எழுதுவார்கள்.

அதில் தினமும் வருபவர் ஹெட்மாஸ்டர். ஓய்வு பெற்ற ஆசிரியர், அந்த நகரத்தின் பூர்வ இனத்தைச் சேர்ந்தவர். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதாமல் ஒரு நாள் போகாது. இன்னொருவர் கிரேஸ். அவர் வேறு மாகாணத்து இனம், பிழைக்க வந்து அதே நகரத்தில் துணி விற்றார். தக்காளிச் சோறு யார் நன்றாகச் செய்வார்கள் என்று இரண்டு பேரும் மாதக்கணக்கில் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். முழங்காலுக்கு ஏதோ ஒரு எண்ணெயைக் காய்ச்சித் தடவச் சொல்லி கிரேஸ்தான் செய்முறை எழுதினார். வலி குறைந்தது என்று ஹெட்மாஸ்டரும் எழுதினார்.

கிரேஸ் புதுக் கடைக்கு மாறியபோது, "படம் போடு மகளே, கண்ணாரப் பார்க்கிறோம்" என்று கேட்டவரும் ஹெட்மாஸ்டர்தான். நீல ஷட்டர். பக்கத்தில் ஒரு தையல் கடை. வாசலில் கிரேஸ், கையில் துணிச் சுருள். படம் என் க்யூவுக்கு வந்தது. அனுமதித்தேன்.

3. தேர்தல் முடிந்த மறுநாள்

அங்கே தேர்தல் முடிந்து முடிவு வந்த மறுநாள், க்யூவில் வசவுகள் கொட்டின. லிஸ்ட்டில் இருந்த வார்த்தைகள்தான். நீக்கிக்கொண்டே போனேன். நடுவில் யாரோ புகார் செய்து ஃபிளாக் பண்ணிய ஒரு பதிவு வந்தது. அரசியல் பகுதியில் இருந்தது.

"சந்தையில் மூன்றாவது வரிசை முழுக்க அவர்களுடைய கடைகள்தான். தையல் கடைக்கு அடுத்து நீல ஷட்டர். நம் ஊரில் இருந்துகொண்டு அவர்கள் ஆளுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்."

எழுதியவர் ஹெட்மாஸ்டர்.

வேறு யாரோ அவர் கணக்கில் புகுந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சரிபார்த்தேன். அதே கணக்கு, அதே போன். அன்று காலை முழங்கால் வலி பற்றி எழுதியதும் அதிலிருந்துதான்.

சரவணனைக் கூப்பிட்டேன். ஒரு முறை படித்தார்.

"இதுல கெட்ட வார்த்தை ஒண்ணும் இல்லையேக்கா. மிரட்டலும் இல்ல. பாலிசில வராது, விட்ருங்க."

"அந்தக் கடை யாருதுன்னு தெரியுமா சரவணா? நம்ம கிரேஸோடது."

"தெரியாமக்கூட எழுதியிருக்கலாம்ல?"

"படம் போடச் சொன்னதே இந்த மனுசன்தான்."

அவர் பதில் சொல்வதற்குள் வேறு அழைப்பு வந்து எழுந்து போய்விட்டார். நான் பதிவை நீக்கினேன். கிரேஸின் பழைய படத்தையும் தேடி எடுத்து நீக்கினேன். ஒரு பதிவை நீக்கினால் உரியவருக்கு ரெடிமேட் மெசேஜ் ஒன்று போகும். அதன் அடியில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. கிரேஸுக்குப் போகும் மெசேஜின் கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன்: "உங்கள் கடை இருக்கும் இடத்தை ஒருவர் அரசியல் பகுதியில் எழுதிவிட்டார். பலர் படித்துவிட்டார்கள். தயவுசெய்து கடை திறக்காதீர்கள்."

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"நீ யார்? எந்த இனம்? எங்களைப் பயமுறுத்திக் கடையைப் பூட்ட வைக்க உன்னை உட்கார வைத்திருக்கிறார்களா?"

எனக்கு அது பழைய கேள்வி. என் அப்பா சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். கொடைக்கானலில் நாங்கள் வாடகைக்கு வீடு கேட்ட வாசலிலெல்லாம், "சொந்த ஊரு எதுங்க?" என்பார்கள். சிலோன் என்றால், "அதுக்கு முந்தி?" என்பார்கள். அதற்கும் பதில் சொன்னால், "அங்க எந்தத் தெருவுங்க?" அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று சின்ன வயதிலேயே தெரியும். அதே கேள்வியை, கடல் தாண்டி இருக்கும் ஒரு பெண், நான் காப்பாற்ற நினைத்த பெண், என்னிடம் கேட்கிறாள். அவள் நிலைமையில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

சரவணன் என் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? யூசர்கிட்ட பேசக்கூடாதுன்னு சைன் பண்ணியிருக்கம்ல. மேல தெரிஞ்சா கான்ட்ராக்டே போயிரும். எட்டுப் பேரு பொழப்புக்கா!"

"அந்தப் பதிவுக்குக் கீழ என்ன எழுதியிருக்காங்கன்னு நீங்களே பாருங்க. அதுக்கப்புறம் என்னைத் திட்டுங்க."

என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அங்கே நான் நீக்கியது ஹெட்மாஸ்டரின் பதிவை மட்டும்தான். அதற்கு வந்த பதில்கள் அப்படியே இருந்தன. சர்ச்சுக்கு இடது பக்கம் மஞ்சள் போர்டு. பஸ் ஸ்டாண்டு பின்னால் மருந்துக் கடை, மாடியில் குடும்பம். ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த முகவரியைச் சேர்த்துக்கொண்டே போயிருந்தார்கள். ஒரு வசவு கிடையாது. சிலர் 'நன்றி ஐயா' என்று முடித்திருந்தார்கள்.

சரவணன் த்ரெட் முழுவதையும் மறைத்து, 'அவசரம்' என்று மேலிடத்துக்கு எஸ்கலேட் பண்ணினார்.

"வர்றத நான் பாத்துக்கறேன். அந்தம்மாவுக்கு என்ன சொல்லணுமோ சொல்லிருங்க."

நான் எழுதினேன்: "நான் உங்கள் நாட்டுக்காரி இல்லை. இந்தியாவில் ஒரு மலை ஊரில் இருக்கிறேன். உங்கள் கடைப் படத்தை அனுமதித்தது நான்தான். அதனால்தான் சொல்கிறேன்."

பதில் வரவில்லை.

4. அடுத்த நாட்கள்

மறுநாள் 'காலை வணக்கம்' த்ரெட்டில் ஹெட்மாஸ்டர் வழக்கம்போல வந்தார். மேலிடத்தில் இன்னும் முடிவெடுக்கவில்லை, அதனால் அவர் கணக்கு திறந்தே இருந்தது. "முழங்கால் இன்று தேவலாம். கிரேஸ் மகளைக் காணோமே, உடம்பு சரியில்லையா?" என்று எழுதியிருந்தார். பலர் அதற்கு இதயக் குறி போட்டிருந்தார்கள்.

இத்தனை வருஷத்தில் நான் படித்த வசவுகளில் எதுவும் அந்த இரண்டு வரி மாதிரி என்னை உலுக்கவில்லை. அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே விசாரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து வெளியே போய் மாடிப்படியில் நின்றேன். கீழே பேக்கரியில் சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று பன் வாங்கிக்கொண்டிருந்தது. சரவணன் டீ எடுத்து வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் கிரேஸ் வந்தார். மூன்றாவது வரிசையில் பல கடைகளை உடைத்துவிட்டார்கள், அவர் கடையும் அதில் ஒன்று. உடைப்பதற்கு முந்தின நாளே சரக்கில் பாதியையாவது ஒரு வண்டியில் ஏற்றி, பிள்ளைகளோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். பொதுவில் அவர் எழுதியது இரண்டே வரி. "கடை இல்லை. நாங்கள் இருக்கிறோம்." அதற்குக் கீழே முதல் பதில் ஹெட்மாஸ்டருடையது. "கடவுளுக்கு நன்றி."

அன்று மாலையே ஹெட்மாஸ்டரின் கணக்கை முடக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவர் அப்பீல் எழுதினார். அதைப் படிக்கும் வேலையும் எனக்கே வந்தது. "நான் யாரையும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. கடை எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன்." நிராகரித்தேன்.

எனக்கு மெமோ வந்தது. விளம்பரங்களைப் பார்க்கும் க்யூவுக்கு மாற்றினார்கள். ரிட்டயர் ஆகும் வரை பழைய கார், வாடகை வீடு விளம்பரங்கள்தான் பார்த்தேன். மாறுவதற்கு முன்னால், என் செய்திக்கு கிரேஸின் பதில் ஒன்று வந்திருந்தது. "படத்தைப் போட்டது நான்தான் அம்மா. கேட்டவரை நம்பித்தான் போட்டேன். நீங்கள் வருத்தப்படாதீர்கள்." அன்றைக்கு மட்டும் அலுவலகத்தில் அழுதேன்.

இந்த வேலைக்கு இப்போது வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வசவைக் கண்டுபிடிக்க மெஷினே போதும். மரியாதையான பதிவு வந்தால் நிதானமாகப் படியுங்கள். அதில் தெருவோ, கதவோ, மாடியில் குடும்பம் என்றோ இருந்தால், அந்தக் கதவுக்கு உள்ளே இருப்பவருக்கு முதலில் சொல்லுங்கள். மெமோ வரும். வரட்டும், வாங்கிக்கொள்ளுங்கள்.